யந்திர யுகமும் ஸ்ரீரங்கத்து எழுத்தாளரும்

"சுஜாதா ஏராளமாக எழுதியிருக்கிறாரே, எந்தப் புத்தகத்திலிருந்து ஆரம்பிப்பது?" என்ற கேள்வியை இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள், 250க்கு மேற்பட்ட சிறுகதைகள், நாடகங்கள், விஞ்ஞான நூல்கள் என்று அவருடைய எழுத்துக்குக் கணக்குச் சொல்லுகிறார்கள். புத்தகக் கடையில் ஓர் அலமாரியையே அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த வரிசைக்கு முன்னால் புதிய வாசகர் திகைத்து நிற்பதில் வியப்பில்லை. துப்பறியும் கதை, சரித்திரக் கதை, கம்ப்யூட்டர் விளக்கம், புறநானூற்று அறிமுகம், ஆழ்வார்கள் அறிமுகம் ஆகிய எதைத் தொட்டாலும் அட்டையில் அதே பெயர்தான். கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போகிறவர் இரண்டு மணி நேரம் இன்பமாகப் பொழுதைப் போக்கிவிட்டு, "இவ்வளவுதானா?" என்று எழுந்துபோய் விடவும் கூடும். ஆகவே வழி சொல்லுவது அவசியமாகிறது.

ஆயினும் இக்கட்டுரை ரஸிகர்களுக்கு எழுதும் சிபாரிசுக் கடிதம் மாத்திரமன்று. பொதுக் காரியத்தில் இறங்கியிருப்பவர்கள், அதிலும் காவேரிப் பாசன நாட்டில் இறங்கியிருப்பவர்கள், சுஜாதாவின் விஞ்ஞானக் கதைகளைப் படித்தே தீரவேண்டுமென்பது நமது அபிப்பிராயம். அதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கொள்முதல் களத்தில்

அறுவடைக் காலத்தில் திருவாரூர்ப் பக்கத்திலோ பாபநாசம் பக்கத்திலோ உள்ள ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். நெல் குவியல் குவியலாகக் கொட்டிக் கிடக்கிறது. வானம் கறுத்து வருகிறது. விவசாயி தார்ப்பாயை இழுத்து மூடுவதும், வெயில் எட்டிப் பார்த்தால் திறந்து உலர்த்துவதுமாகத் தவிக்கிறார். அவருடைய நான்கு மாத உழைப்புக்குத் தீர்ப்புக் கூறுவது எது? ஒரு பிடி நெல்லை உள்ளே போட்டால் ஈரப்பதம் இத்தனை சதவிகிதமென்று எண் காட்டும் சிறு கருவிதான். 17 சதவிகிதம் வரையில் எடுத்துக்கொள்ளலாமென்பது விதி. மழை மிகுந்த வருஷங்களில் அந்த வரம்பைத் தளர்த்த வேண்டுமென்று விண்ணப்பம் டில்லிக்குப் போகிறது, குழு வருகிறது, மாதிரி எடுத்துக்கொண்டு போகிறது, சில வருஷங்களில் விதி தளர்கிறது. அதற்குள் களத்திலுள்ள நெல் முளைவிட்டு விடுவதும் உண்டு.

அந்தக் கருவி பொய் சொல்லுகிறதென்று நாம் சொல்லவில்லை. ஈர நெல் கிடங்கிலே பூசணம் பிடித்துக் கெடுமென்பது மெய். ஆனால் கருவி அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கடைசியாக அதைச் சோதித்துச் சரிபார்த்தது எப்போது? 17 என்ற வரம்பு எந்தக் காரணத்தால் வந்தது? எத்தனை நாளைக்கு, எத்தனை ஈரத்தை, எப்படிப்பட்ட கிடங்கு தாங்கும்? இவற்றைக் கேட்கத் தெரிந்தவரே சுதந்திர நாட்டின் பிரஜை. கேட்கத் தெரியாதவர் நூறு வேலி நிலத்துக்குச் சொந்தக்காரராயிருந்தாலும் அந்த எண்ணுக்கு அடிமையே.

நமது நாட்டில் இன்று யந்திரம் எட்டாத இடமில்லை. கதிர் அறுக்கிறது யந்திரம். ரேஷன் கடையில் விரல் ரேகையைப் பார்ப்பது யந்திரம். ஒவ்வொரு மனிதருக்கும் 12 இலக்கத்தில் ஓர் எண் இருக்கிறது. வாக்குச் சாவடியில் விரலை வைப்பதும் யந்திரத்தின் மீதுதான். 2017ல் புதுக்கோட்டை ஜில்லா நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்தும், தஞ்சை ஜில்லா கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய்க் கசிவை ஒட்டியும் ஜனங்கள் கிளர்ந்தார்கள். 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. அந்த நாட்களின் வாக்குவாதங்களை நினைவிற் கொண்டுவந்து பார்த்தால் ஒன்று விளங்கும். "இது விஞ்ஞான விஷயம், குடியானவன் பேசக்கூடாது" என்றது ஒரு கட்சி. "விஞ்ஞானம் வந்தாலே நாசம்" என்றது மற்றொரு கட்சி. ஆழ்துளை எத்தனை அடி போகிறது, எந்தப் பாறையைத் தொடுகிறது, நிலத்தடி நீருக்கும் அதற்கும் நடுவே என்ன தடுப்பு இருக்கிறது என்று நிதானமாகக் கேட்டவர்கள் சிலரே. அந்தச் சிலரைப் பலராக்க வேண்டும். தமிழ் வாசகரைப் பயமுறுத்தாமலும் மயக்காமலும் இப்படிக் கேட்கப் பழக்கிய எழுத்தாளர்களில் முதல் வரிசையிலிருப்பவர் சுஜாதா. அவரை நாம் சிபாரிசு செய்வதற்கு இதுவே தலையாய காரணம்.

ஆசிரியர் வரலாறு

எஸ். ரங்கராஜன் என்னும் இயற்பெயருடைய சுஜாதா 1935ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தார். ஆனால் அவரை வளர்த்தது ஸ்ரீரங்கம். முக்கொம்பிலே காவேரி இரண்டாகப் பிரிந்து, தெற்கே காவேரியாகவும் வடக்கே கொள்ளிடமாகவும் அணைத்துக்கொண்டிருக்கும் தீவு அது. தீவைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் கல்லணை. அங்கிருந்து தஞ்சை நாட்டு வயல்களுக்கு வாய்க்கால்கள் கிளைக்கின்றன. டெல்டாவின் தலைவாசலென்று அவ்வூரைச் சொல்லலாம். அங்கே பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்து, உள்ளூர் உயர்தரப் பாடசாலையிலும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் வாசித்து, பின்னர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் கற்றார். அப்துல் கலாமும் அதே கல்லூரிகளில் ஏறக்குறைய அதே காலத்தில் பயின்றவரே.

1953ல் திருச்சியிலிருந்து வெளிவந்த 'சிவாஜி' பத்திரிகையில் அவருடைய முதல் கதை பிரசுரமாயிற்று. பிறகு 'குமுதம்' பத்திரிகைக்கு எழுதியபோது, அங்கே ரா. கி. ரங்கராஜன் என்ற மற்றொரு எழுத்தாளர் இருந்தபடியால், குழப்பம் நேராதிருக்கத் தம் மனைவியின் பெயரையே புனைபெயராக்கிக் கொண்டார். உத்தியோகமோ முதலில் விமானப் போக்குவரத்து இலாகாவில். பின்னர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஸ்தாபனத்தில். அந்த ஸ்தாபனத்தின் மின்னணு வாக்குப்பதிவு யந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு கொண்டவர் அவர். இந்த விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதைப் பற்றிப் பேசப் போகிறோம். 1993ல் விஞ்ஞானத்தை ஜனங்களிடையே பரப்பியதற்காக மத்திய சர்க்காரின் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. 2008ம் வருஷம் பிப்ரவரி 27ந் தேதி சென்னையில் காலமானார். அவர் கடைசியாக வசனத்தில் பங்குகொண்ட சினிமாக்களில் ஒன்றான 'எந்திரன்' வெளிவந்தது 2010ல்.

கதையில் விஞ்ஞானமா?

"விஞ்ஞானம் வேண்டுமானால் பாட புஸ்தகத்தில் படிக்கலாமே, கதை எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்களுமிருக்கிறார்கள். பாட புஸ்தகம் யந்திரம் எப்படி வேலை செய்கிறதென்று சொல்லும். அந்த யந்திரம் ஒருவன் கையில் அதிகாரமாக மாறும்போது மற்றவர்களுக்கு என்ன நேருமென்பதைக் கதைதான் காட்ட முடியும்.

மேனாட்டு ஆசிரியர்கள் இதைச் செய்துகாட்டினார்கள். பிரெஞ்சு ஆசிரியர் ஜூல்ஸ் வெர்ன் படைத்த நீர்மூழ்கிக் கப்பல் தலைவன் நீமோ யாரென்பது 1875ல் வெளிவந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் தெளிவாகிறது. அவன் பந்தேல்கண்டத்து ராஜகுமாரன். திப்பு சுல்தானின் உறவினன். 1857ல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடித் தோற்றுக் கடலுக்கடியில் புகுந்தவன்! ஆங்கிலேயரான எச். ஜி. வெல்ஸ் 1898ல் எழுதிய 'உலகங்களின் யுத்தம்' செவ்வாய்க் கிரகவாசிகள் இங்கிலாந்தைச் சூறையாடுவதைச் சொல்லும்போதே, வெள்ளையர் டாஸ்மேனியத் தீவு மக்களைப் பூண்டோடு அழித்ததை வாசகருக்கு ஞாபகப்படுத்துகிறது. 'ரோபோ' என்ற சொல்லை உலகத்துக்கு அளித்தது செக் நாட்டுக் காரெல் சாபெக் 1920ல் எழுதிய நாடகம். அடிமை வேலை என்று பொருள்படும் செக் பதத்திலிருந்து பிறந்த சொல் அது. ஆக, விஞ்ஞானக் கதை தோன்றிய நாள் முதலே அரசியலோடு உறவு பூண்டிருக்கிறது.

நம் தேசமும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. ஜகதீச சந்திர போஸ் 1896லேயே வங்காளியில் ஒரு விஞ்ஞானக் கதை எழுதினார். கூந்தல் தைலத்தைக் கடலில் ஊற்றிப் புயலை அடக்கும் கதை அது. ரொக்கையா பேகம் 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை 1905ல் நமது சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆங்கில மாதர் பத்திரிகையில்தான் பிரசுரித்தார். அதில் சூரிய வெப்பத்தை வசப்படுத்திய பெண்கள் நாட்டை ஆளுகிறார்கள்; புருஷர்கள் அந்தப்புரத்தில் அடைபட்டுக் கிடக்கிறார்கள்.

தமிழுக்கு இருந்த கஷ்டம் வேறு. சாஸ்திரங்களைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற சந்தேகமே நெடுநாள் நம்மவரைப் பிடித்து ஆட்டியது. 1916ல் ராஜாஜியும் அவருடைய நண்பர்களும் சாஸ்திர பதங்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். பிற்காலத்தில் ரசாயனத்தைத் தமிழில் விளக்கி ராஜாஜி எழுதிய நூலுக்குத் 'தமிழில் முடியுமா?' என்றே பெயர். பெ. நா. அப்புஸ்வாமி பல பத்து வருஷங்கள் விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதி, முடியுமென்று நிரூபித்தார். அவர்கள் வெட்டிய வாய்க்காலில் வெள்ளமாக வந்தவர் சுஜாதா. முன்னோர்கள் விஞ்ஞானத்தைத் தமிழில் விளக்கினார்கள். இவர் வந்தபின் பஸ்ஸிலும் ரயிலிலும் சலூனிலும் உட்கார்ந்திருந்தவர்கள் அதைத் தமிழில் பேசவும் ஆரம்பித்தார்கள்.

எந்த வரிசையில் படிப்பது?

முதலில் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் விஞ்ஞானம் இல்லை. பாட்டி, ரங்கு கடை, கிரிக்கெட் கோஷ்டி, சித்திரை வீதிகள், அங்கே நடமாடிய விசித்திர மனிதர்கள் என்று ஒரு சிறுவனின் ஊர் முழுவதும் அதிலிருக்கிறது. இதை முதலில் வைப்பதற்குக் காரணமுண்டு. ஒருவர் எதைப் பார்த்து வளர்ந்தாரென்று தெரிந்தால், அவர் எதைக் கற்பனை செய்தாரென்பது விளங்கும். தவிர, சுருக்கமான வாக்கியத்தில் ஓர் ஆளை நிறுத்திக் காட்டும் அவருடைய நடையையும் இங்கே பழகிக்கொள்ளலாம். மிக உற்சாகமாகச் சொல்லிவரும் கதை திடீரென்று துக்கத்தில் போய் நிற்கும். அந்த வித்தையை அவர் விஞ்ஞானக் கதைகளிலும் கையாளுகிறார்.

இரண்டாவதாகச் சிறுகதைகள். அவற்றில் 'நகரம்' என்ற ஒன்றை எவரும் விடக்கூடாது. கிராமத்திலிருந்து வள்ளியம்மாள் என்ற ஏழைத் தாய் ஜுரத்தில் நினைவிழந்த மகள் பாப்பாத்தியை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறாள். பெரிய டாக்டர் வியாதியைச் சரியாகவே கண்டுபிடித்து விடுகிறார். உடனே சேர்க்கவேண்டுமென்றும் உத்தரவிடுகிறார். ஆனால் அந்த உத்தரவுக்கும் படுக்கைக்குமிடையே சீட்டுகளும் அறைகளும் குமாஸ்தாக்களும் நிற்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய் வழி தெரியாமல் திரிந்து, முடிவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறாள். வைத்தீசுவரன் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளுகிறாள். விஞ்ஞானம் அங்கே தோற்கவில்லை. விஞ்ஞானத்தை ஏழையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய ஏற்பாடு தோற்றது. பொது ஊழியம் செய்ய வருகிறவர்கள் ஆயிரம் பிரசங்கங்களில் பெறாத பாடத்தை இந்தச் சில பக்கங்களில் பெறுவார்கள். இதனுடன் 'ஒரு லட்சம் புத்தகங்கள்' என்ற கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையான கொடுமையின் சூடு அதிலிருக்கிறது. இங்கே நாம் நடத்தும் இலக்கிய விழாக்களில் அந்தச் சூட்டுக்கு இடமிருக்கிறதா என்ற கேள்வியும் இருக்கிறது. பிறகு விஞ்ஞானச் சிறுகதைகளைத் தொகுத்திருக்கும் பெருந்தொகுதியை மெதுவாக, தினம் ஒரு கதையாக, வாசித்து வரலாம்.

மூன்றாவது, 'கடவுள் வந்திருந்தார்' என்னும் நாடகம். பூர்ணம் விசுவநாதன் மேடையேற்றிப் புகழ் பெற்ற ஹாஸ்ய நாடகம் இது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஸ்ரீனிவாசன் என்னும் சாமானியருக்கு முன்னால் எதிர்காலத்திலிருந்து ஒருவன் வந்து நிற்கிறான். மற்றவர் கண்ணுக்கு அவன் புலப்படுவதில்லை. ஸ்ரீனிவாசன் உண்மையைச் சொன்னபோது வீட்டாரும் அண்டை அயலாரும் அவருக்குப் பைத்தியமென்கிறார்கள். சில அதிசயங்கள் நடந்த பிறகு அதே ஜனங்கள் அவரைத் தெய்வமென்று காலில் விழுகிறார்கள். வயிறு குலுங்கச் சிரித்து முடித்தபின் ஒரு விஷயம் உறைக்கும்: பைத்தியமென்றவர்களும் சரி, தெய்வமென்றவர்களும் சரி, உள்ளதை விசாரித்தறியச் சிரமப்படவில்லை! நெடுவாசல் நாட்களின் இரண்டு கட்சிகளையும் முன்பு சொன்னோமே, அவர்களுக்கு இந்நாடகம் சரியான கண்ணாடி.

நான்காவதாக நாவல்கள். மனிதனின் மனத்தையே யந்திரத்தில் பிரதி எடுக்க முடியுமா என்ற விபரீத எண்ணத்தைப் பின்தொடரும் 'பேசும் பொம்மைகள்', அவருடைய ஆரம்பகால விஞ்ஞான நாவலான 'சொர்க்கத் தீவு' ஆகிய இரண்டையும் விரும்பினால் படிக்கலாம். 'என் இனிய இயந்திரா'வையும் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வையும் அவசியம் படித்தாக வேண்டும். இவற்றைப் பற்றித் தனியே எழுதுகிறோம்.

கடைசியாகக் கட்டுரை நூல்கள். வாசகர் கேள்விகளுக்குப் பதிலளித்த 'ஏன்? எதற்கு? எப்படி?', மூளையைப் பற்றிய 'தலைமைச் செயலகம்', மரபணுக்களைப் பற்றிய 'ஜீனோம்' ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. விஞ்ஞானம் மாதந்தோறும் வளர்வதால் இவற்றில் சில செய்திகள் பழசாகிவிட்டன. ஆயினும் ஒரு கடினமான விஷயத்தை எந்தப் படியில் தொடங்கி எந்தப் படியில் முடிப்பது என்ற முறை பழசாகவில்லை. மேடையில் பேசுகிறவர்களும் துண்டுப் பிரசுரம் எழுதுகிறவர்களும் அந்த முறைக்காகவே இவற்றைப் படிக்கலாம்.

ஜீவாவின் ராஜ்யம்

'என் இனிய இயந்திரா' 1980களில் 'ஆனந்த விகடன்' பத்திரிகையில் தொடராக வந்தது. கதை நடப்பது 2021-22ல். அன்று அது தூரத்து எதிர்காலம்; இன்று நாம் அதைக் கடந்துவிட்டோம். அந்தப் பாரதத்தை ஜீவா என்ற ஒரே தலைவர் ஆளுகிறார். பிரஜைகளின் பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. குழந்தை பெற்றுக்கொள்ளச் சர்க்காரின் அனுமதி வேண்டும். வீட்டில் யாரைக் குடிவைத்துக்கொள்வதென்பதும் சர்க்காரின் உத்தரவு. நிலா என்ற சாதுவான பெண்ணின் கணவன் சிபி காணாமற்போகிறான். அவளுக்குத் துணையாக நிற்பது ஜீனோ என்ற யந்திர நாய். அந்த நாய் புத்தகம் படிக்கிறது. படிக்கப் படிக்கச் சுயமாகச் சிந்திக்கவும் கேலி பேசவும் தொடங்குகிறது. மனிதர்கள் யந்திரங்களாகிவிட்ட தேசத்தில் ஒரு யந்திரம் மனிதத் தன்மை அடைகிறது.

ஜீவா யாரென்ற ரகசியத்தை இங்கே வெளியிட்டுப் புது வாசகரின் இன்பத்தைக் கெடுக்க நாம் விரும்பவில்லை. ஜனங்கள் கைகூப்பித் தொழுவது ஒரு மனிதரையா, அல்லது ஒரு தோற்றத்தையா, அந்தத் தோற்றத்தைப் பின்னாலிருந்து ஆட்டுபவர்கள் யார் என்ற கேள்விதான் நாவலின் உயிர்நாடி. 'மீண்டும் ஜீனோ'வில் இதைவிடக் கசப்பான உண்மை வருகிறது. ஒரு பொம்மை ராஜ்யத்தைக் கவிழ்த்தவர்களே மற்றொரு பொம்மையைச் சிங்காதனத்தில் ஏற்றத் தயங்குவதில்லை என்பதே அது. கட்சிக் காரியத்தில் தலைமுடி நரைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதிதாக வரும் வாலிபர்களுக்கு விளக்கியே ஆகவேண்டும்.

இப்போது முன்பு சொன்ன வாக்குப்பதிவு யந்திரத்துக்கு வருவோம். இந்தக் கதையை எழுதியவர் யந்திரத்தைக் கண்டு மிரண்ட துறவியல்லர். பகலில் ஜனநாயகத்துக்கு ஒரு யந்திரம் செய்து கொடுத்தவர்தான், இரவில் யந்திரத்தால் ஜனநாயகம் செத்துப்போன தேசத்தைக் கற்பனை செய்தார். இதில் முரண்பாடு ஒன்றுமில்லையென்று நாம் கருதுகிறோம். யந்திரத்தின் உள்ளே இருப்பதை அறிந்தவருக்கே அதன் பலமும் தெரியும், அதைச் சுற்றிக் காவல் வேண்டுமென்பதும் தெரியும்.

வாக்குப்பதிவு யந்திரத்தின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1982ல் கேரளத்துப் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் அது முதல்முறையாகப் பரீட்சிக்கப்பட்டது. 1984ல் சுப்ரீம் கோர்ட், சட்டத்தில் இதற்கு இடமில்லையென்று கூறி அந்தத் தேர்தலை ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டது. பிறகு 1988ல் சட்டம் திருத்தப்பட்டது. 2004 பொதுத் தேர்தலில் தேசம் முழுவதும் யந்திரத்தாலேயே வாக்களித்தது. அப்போதும் சந்தேகங்கள் ஓயவில்லை. வாக்கு எங்கே விழுந்ததென்று வாக்காளர் கண்ணால் காண ஒரு சீட்டு வேண்டுமென்ற கோரிக்கை எழுந்து, 2013ல் நீதிமன்றம் அதை ஏற்று, 2019ல் எல்லாச் சாவடிகளிலும் சீட்டு இயந்திரம் வந்தது. யந்திரத்தை உடைக்கப் புறப்பட்டவர்களாலும் இது நடக்கவில்லை. தொழுது நின்றவர்களாலும் நடக்கவில்லை. கேள்வி கேட்டவர்களால் நடந்தது. இன்னும் கேட்க வேண்டியவை இருந்தால் கேட்பதே முறை. நிலாவின் தேசத்தில் அப்படிக் கேட்க எவருமில்லை; ஆகவே கடைசியில் ஒரு நாய் கேட்க வேண்டியதாயிற்று.

ஆட்சேபங்கள்

சுஜாதாவின் மீது சொல்லப்படும் குறைகளை மறைப்பது வாசகருக்குச் செய்யும் துரோகமாகும். வாரப் பத்திரிகைகளின் அவசரத்துக்கு எழுதியதனால் அவருடைய தொடர்கதைகள் பலவற்றின் முடிவு அரைகுறையாக நிற்கிறது. பெண்களின் உருவ வர்ணனை பல இடங்களில் வரம்பு மீறுகிறது. கதைக்கு அது தேவையுமில்லை. ஆங்கிலச் சொற்களைத் தாராளமாகக் கலந்து எழுதினாரென்ற புகாரும் மெய்யே. ஆனால் புரியாத தமிழ்ச் சொல்லால் வாசகரை விரட்டுவதைவிட, புரிந்த அந்நியச் சொல்லால் உள்ளே அழைத்துவந்து, பிறகு தமிழ்ச் சொல்லைப் பழக்குவது மேலென்று அவர் நினைத்திருக்கலாம். அதை நாம் முழுவதும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், பலன் கண்கூடாக இருப்பதை மறுக்க முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய குறை வேறொன்று. காவேரிக் கரையில் வளர்ந்த இந்த ஆசிரியரின் விஞ்ஞானக் கதைகளில் காவேரியின் வயல் இல்லை. சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்கள், அறுவடை யந்திரம் வந்தபிறகு அரிவாளை எறவாணத்தில் செருகிவிட்டு வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்கள், கொள்முதல் களத்தில் காத்துக்கிடப்பவர்கள் ஆகிய இவர்களை அவருடைய எதிர்காலத்தில் நாம் காண்பது அரிது. அவர் கண்ட உலகம் அக்ரஹாரமும் ஆராய்ச்சிக் கூடமும் பெருநகரமுமாகும். தாம் அறிந்ததை எழுதியதற்காக ஓர் ஆசிரியரை நாம் தண்டிக்க முடியாது. எழுதாமல் விட்டதை எழுதவேண்டிய பொறுப்பு அடுத்து வருகிறவர்களைச் சேர்ந்தது.

செய்ய வேண்டியது

சீகாழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலக சாஸ்திரத்தையே உலகுக்கு வகுத்துக் கொடுத்தவர். அவர் போன்றோரின் முயற்சியால் 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. நமது தேசத்தில் இத்தகைய சட்டம் கண்ட முதல் மாகாணம் அதுதான். அதற்கும் முன்னால், 1931ல், மன்னார்குடிக்கு அடுத்த மேலவாசல் கிராமத்திலிருந்து மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றது ஒரு நூலகம். ஏரோட்டுகிறவனுக்குப் புத்தகம் எதற்கென்று அந்த வண்டிக்காரர்கள் கேட்கவில்லை. கிராமத்தார் நூலகத்துக்கு வரமுடியாவிட்டால் நூலகம் கிராமத்துக்குப் போகவேண்டுமென்று புறப்பட்டார்கள்.

அந்த மரபில் வந்த தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஜில்லா வாலிபர்களுக்கு ஒரு யோசனை கூறுகிறோம். பழைய தஞ்சை ஜில்லா நான்காகப் பிரிந்துவிட்டது; வாய்க்கால் மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. கட்சி ஆபீஸிலோ சங்கக் கட்டடத்திலோ கிளை நூலகத்திலோ வாரம் ஒரு நாள் மாலையில் பத்துப் பேர் கூடுங்கள். முதல் வாரம் 'நகரம்' கதையை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். கேட்டு முடித்த பிறகு, உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வள்ளியம்மாள் இன்று வந்தால் எந்த ஜன்னலில் நிற்பாளென்று பேசுங்கள். அடுத்த வாரம் நாடகம். அதன்பின் ஒரு மாதம் நிலாவும் ஜீனோவும். அந்த மாதம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பத்துப் பேருமாகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய், அந்தச் சிறு கருவியைப் பற்றி நாம் மேலே எழுதிய கேள்விகளைப் பொறுப்பாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பதிலை எழுதிக்கொள்ளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படி எழுதிக்கொள்ளும் நோட்டுப் புத்தகத்திலிருந்து, சுஜாதா எழுதாமல் விட்டுச் சென்ற வயற்காட்டு விஞ்ஞானக் கதையை உங்களில் ஒருவர் எழுதக்கூடும். அதற்குக் காத்திருக்கிறோம்.